ரேந்தை வைத்த ஜாக்கெட் போட்டால் வீண் ஆடம்பரமா?

கேள்வி: பழைய பாணியில் லேஸ் வைத்துத் தைத்த உடைகள் எனக்குப் பிடிக்கும். அலுவலகத்துக்கும் போட்டுக்கொண்டு போகிறேன். “இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கிறார்கள். பார்த்துப் பார்த்து உடுத்துவது வீண் ஆடம்பரம்தானா?

இல்லவே இல்லை. நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதே கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், அதுவும் என் சொந்த அத்தையே, நாலு பேர் முன்னால்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி, நெய்யூர் பக்கம். எங்கள் ஊரில் வயதானவர்கள் லேஸை ‘ரேந்தை’ என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். என் பாட்டி பதினொரு வயதிலிருந்து ரேந்தை பின்னியவர். வைக்கோல் திணித்த உருண்டைத் தலையணை, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைக்கு ஒரு குண்டூசி, நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இரண்டு ஜோடியை எடுத்து மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசி குத்தி, அடுத்த இரண்டு. காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தாலும் ஒரு சாண் நீளம் வந்தால் பெரிது. கை வியர்த்தால் வெள்ளை நூல் கறுத்துவிடும் என்று பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்திருப்பார். கூலி முழக் கணக்கில். அந்த ரேந்தை எந்த ஊருக்குப் போகிறது, யார் கழுத்தில் ஏறுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தன் உடம்பில் ஒரு விரல்கடை ரேந்தைகூட அவர் வைத்துக்கொண்டதில்லை. கோயிலுக்குப் போனால் வெறும் வெள்ளைச் சேலைதான். அலங்காரம் பாவம் என்று வளர்த்திருந்தார்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது பாட்டி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நீலத்தாளில் சுற்றிய ஒரு துண்டைக் கொடுத்தார். நாலு விரல் அகலம், இரண்டு முழம். கூலிக்குப் பின்னியதில் சேராமல், தனக்கென்று இரவில் பின்னியதாம். அதை ஒரு வெள்ளை ஜாக்கெட்டின் இரண்டு கையிலும் வைத்துத் தைக்கச் சொல்லி டெய்லரிடம் கொடுத்து, பெரியப்பா மகளின் நிச்சயத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டார். “என்ன மக்களே, உடுக்க வேற ஒண்ணும் கெடைக்கலியா? பழைய திரைச்சீலைய வெட்டி வச்ச மாதிரி இருக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அத்தை தவறானவர் இல்லை, அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒரு பெண்ணின் ஜாக்கெட்டைப் பார்த்து ‘இது எதற்கு’ என்று கேட்பது என்னால் தாங்க முடியாத ஒன்று. எங்கள் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களும் மார்பை மூடக் கூடாது என்று இருந்தது. மூடியவர்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26ஆம் தேதி அரச அறிவிப்பு வரும் வரை நடந்தது. அந்த அறிவிப்பிலும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல மட்டும் உடுத்தக் கூடாது! எதை உடுத்தலாம், எவ்வளவு உடுத்தலாம் என்று அடுத்தவர் அளந்து கொடுத்த மண் இது.

ரேந்தை எங்கள் ஊருக்கு வந்ததும் அதே காலத்தில்தான். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டே சில பெண்கள் தங்களை அடிமைக் கட்டிலிருந்து மீட்டுக்கொண்டதாக மிஷனரிக் குறிப்புகள் சொல்கின்றன. உடனே ‘மிஷனரிகளைத் தூக்கிப் பிடிக்கிறாள்’ என்று யாராவது வருவார்கள். குச்சியைப் பிடித்துப் பின்னியது எங்கள் பெண்களின் கை. நான் பேசுவது அந்தக் கையைப் பற்றி.

லேஸ் என்றால் பெண்களின் பகட்டு என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரசர்களும் தளபதிகளும் கழுத்திலும் மணிக்கட்டிலும் அதைத்தான் வைத்திருந்தார்கள் என்று சொல்லுங்கள். வெனிஸ் லேஸுக்குப் பணம் போவதைத் தடுக்க, 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665இல் பிரான்சிலேயே லேஸ் தொழிலைத் தொடங்க வைத்தார். 1809இல் இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் லேஸ் போன்ற வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, கையால் பின்னியவர்களின் பிழைப்பு இறங்கிக்கொண்டே போனது. 1840இல் இங்கிலாந்து ராணி விக்டோரியா தன் கல்யாண உடைக்கு அந்நாட்டின் டெவன் பகுதியில் கையால் பின்னிய ஹானிட்டன் லேஸையே கேட்டு வாங்கினார். நொடித்துப்போன அந்தத் தொழிலாளிகளுக்கு அதனால் வேலை கிடைத்தது.

விலை அதிகமானதை வாங்கி உடுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையான ஆடம்பரம் வேறு இடத்தில் நடக்கிறது. இப்போது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நிறம், பெண் வீட்டுக்கு ஒரு நிறம், வரவேற்புக்கு இன்னொரு நிறம் என்று வாட்ஸ்அப்பில் உத்தரவு வருகிறது. போன மாதம் எங்கள் வீட்டில் நாலு பேருக்கு எடுத்த துணி அந்த ஒரு நாளோடு பீரோவுக்குள் போய்விட்டது. கடன் வாங்கி எடுத்தவர்களும் உண்டு. அதை யாரும் ‘எதற்கு’ என்று கேட்பதில்லை. மேடையில் அந்த நிறத்தில் இல்லாத ஒரு கிழவியைப் போட்டோகிராபர் ஓரமாக நிற்கச் சொன்னதை நானே பார்த்தேன். இரண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை.

நிச்சயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வரிசையில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து, ஜாக்கெட் கையின் ஓரத்தைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். அத்தை சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே எனக்குத் தெரியாது. “ஓரத்துக் கண்ணியெல்லாம் மிஷின்ல போட்டு நசுக்கி வச்சிருக்கான். ராத்திரி கழட்டித் தா” என்றார்.

அன்று இரவு விளக்கடியில் டெய்லர் போட்ட தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தோம். பிறகு மெல்லிய ஊசியில் ஒற்றை நூல் கோத்து, ஒரு கண்ணிக்கு ஒரு தையல் என்று வைத்து இடது கையை முடித்தார். கண் கூசுகிறது என்று வலது கையை என்னிடம் தந்தார். நீங்களும் பழைய லேஸ் வைத்துத் தைத்தால் மிஷினில் கொடுக்காதீர்கள்.

அந்த ஜாக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை பிரித்துப் பெரிதாக்கியிருக்கிறேன். கையையும் ரேந்தையையும் மட்டும் தொடவில்லை. இடது கையில் தையல் எங்கே என்று தேட வேண்டும். வலது கையில் பார்த்தவுடன் தெரியும்.