லூசியானா மாநிலத்தின் புவியியல், அடிப்படைத் தகவல்கள் என்ன? நியூ ஓர்லியன்ஸ் எப்படிக் கடல்மட்டத்துக்குக் கீழே போனது?

அடிப்படைத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். லூசியானாவுக்கு மேற்கே டெக்சஸ், வடக்கே ஆர்கன்சா, கிழக்கே மிசிசிப்பி மாநிலம், தெற்கே மெக்சிகோ வளைகுடா. பரப்பு சுமார் 1,35,600 சதுர கி.மீ.; அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 46,57,757. தலைநகர் பேட்டன் ரூஜ். பெரிய நகரம் நியூ ஓர்லியன்ஸ் என்பதால் பலர் அதையே தலைநகர் என்று எழுதிவிடுகிறார்கள். 1812 ஏப்ரல் 30இல் 18ஆவது மாநிலமாக அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. 1803இல் பிரான்சிடமிருந்து வாங்கப்பட்ட 'லூசியானா' இதைவிடப் பல மடங்கு பெரியது, கனடா எல்லைவரை நீண்டது. பழைய வரைபடம் பார்க்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மற்ற மாநிலங்களில் கவுண்டி என்று சொல்வதை இங்கே பாரிஷ் என்பார்கள், மொத்தம் 64. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று சொல்கிறார்களே, அதே சொல்தான். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சியில் திருச்சபைப் பங்குகளை வைத்தே ஊர்களைப் பிரித்திருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொத்து, ஒப்பந்தம், வாரிசுரிமைச் சட்டங்களும் ஆங்கிலேய மரபில் வந்தவை அல்ல. பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் தொகுத்த உரிமையியல் சட்டம்.

இனி நிலம். வடக்கே பைன் காடுகள் நிறைந்த மேட்டு நிலம். அங்கிருக்கும் டிரிஸ்கில் மலைதான் மாநிலத்திலேயே உயரமான இடம். அதுவே 163 மீட்டர்தான். தெற்குப் பாதியைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இங்கே ஆற்றங்கரைதான் மேடு, ஆற்றைவிட்டு விலக விலகப் பள்ளம். மிசிசிப்பி ஆற்றின் வெள்ளம் கரை புரளும்போது வேகம் குறைந்து, கனமான மணலைக் கரையோரமே போட்டுவிடும். நுண்ணிய களிமண் மட்டும் தூரம் போய்ப் படியும். இப்படியே பல ஆயிரம் ஆண்டுகளில் கரை உயர்ந்து, பின்புறம் சதுப்பாக நின்றது. 31 மாநிலங்களின் மண்ணைச் சுமந்து வரும் ஆறு அது.

1718இல் நியூ ஓர்லியன்ஸை நிறுவிய பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கரைமேட்டில்தான் குடியேறினார்கள். அது கடல்மட்டத்துக்கு மேலேதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பெரிய பம்புகள் வந்த பிறகு பின்புறச் சதுப்பை வடித்து வீடு கட்டினார்கள். தண்ணீரில் ஊறிக்கிடந்த மட்கு மண்ணை உலரவிட்டால் அது சுருங்கும். காற்றுப் பட்டதும் மட்கி அளவும் குறையும். நகரத்தின் பாதி கீழே போனது அப்படித்தான். இன்று மிகத் தாழ்ந்த பகுதி கடல்மட்டத்துக்குச் சுமார் 2.5 மீட்டர் கீழே. ஆழத்தில் மரக்கம்பங்கள் இறக்கி அதன்மேல் கட்டிய வீடுகள் அப்படியே நிற்க, சுற்றியுள்ள தரை மட்டும் இறங்குவதை அந்தப் பகுதிகளில் பார்க்கலாம். வாசற்படிக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும். தரையோடு சேர்ந்து இறங்கும் எரிவாயுக் குழாய், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இழுபட்டு உடையும்.

மழைத்தண்ணீரை வெளியேற்ற அதை மேலே ஏற்றி, வீடுகளைவிட உயரமான கால்வாய்கள் வழியே பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரிக்கு அனுப்புகிறார்கள். 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா புயலின்போது, அப்படிப்பட்ட இரண்டு கால்வாய்களின் சுவர்கள், தண்ணீர் விளிம்பைத் தாண்டும் முன்பே அடிமண் தாங்காமல் சரிந்தன. வேறு இடங்களிலும் கரைகள் உடைந்து, நகரத்தின் 80 விழுக்காடு மூழ்கியது. பழைய பிரெஞ்சுக் குடியிருப்பு மட்டும் பெரும்பாலும் நனையவில்லை. இந்த நகரத்தில் வீடு பார்ப்பவர்கள் தெருவின் அழகைப் பார்ப்பதற்கு முன் தரையின் உயரத்தைப் பார்ப்பது நல்லது. புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுக்குக் கலிங்கு, அதாவது உபரி வெள்ளத்தை வெளியேற்றும் மதகு, வைத்தார்கள். நியூ ஓர்லியன்ஸுக்கு மேலே 1931இல் கட்டி முடித்த போனே கேரி கலிங்கில் 350 கண்கள்; ஒவ்வொன்றையும் 20 மரக்கட்டைகள் அடைத்திருக்கும். வெள்ளம் ஏறினால் தண்டவாளத்தில் நகரும் கிரேன் அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும், தண்ணீர் ஏரிக்குப் பாயும். மூடியிருக்கும்போதும் கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் கசியும், அது பழுதல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல், மிசிசிப்பி தடம் மாறப் பார்ப்பது. அதிலிருந்து மேற்கே பிரியும் அட்சாஃபலாயா என்ற கிளையாறு வழியாகப் போனால் கடலுக்குத் தூரம் பாதிக்கும் குறைவு. ஆறு அங்கே முழுதாகத் தாவிவிட்டால் பேட்டன் ரூஜும் நியூ ஓர்லியன்ஸும் உப்புநீர்க் கழியில் நிற்க வேண்டும். அதனால்தான் 1963இல் 'ஓல்டு ரிவர்' (பழைய ஆறு) என்ற இடத்தில் கட்டுப்பாட்டு மதகுகள் வந்தன. மிசிசிப்பி, ரெட் ஆறு இரண்டின் மொத்த நீரில் 30 விழுக்காட்டை மட்டும் அட்சாஃபலாயாவுக்கு விடுகிறார்கள். 1973 வெள்ளம் மதகின் அடியையே அரித்தது. அதற்குப் பிறகு 1986இல் துணை மதகு ஒன்றும் கட்டினார்கள்.

ஆற்றின் இருபுறமும் எழுப்பிய வெள்ளத்தடுப்புக் கரைகள் ஊரைக் காத்தாலும், கழிமுகத்துக்குப் புது வண்டல் போகும் வழியை அடைத்துவிட்டன. எண்ணெய் எடுக்க வெட்டிய வாய்க்கால்கள் வழியே உப்புநீர் ஏறிச் சதுப்புப் புல்லைக் கொன்றது, கடல்மட்டமும் உயர்கிறது. 1932 முதல் 2016 வரை சுமார் 4,800 சதுர கி.மீ. நிலம் கடலாகிவிட்டது. வரைபடத்தில் பூட்ஸ் போலத் தெரியும் அந்த உருவத்தின் அடிப்பாகம் இன்று கிழிந்த துணிபோல இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே படத்தில் மார்கன் சிட்டிக்குத் தென்மேற்கே பார்த்தால் விசிறிபோல ஒரு புது நிலம் தெரியும், வாக்ஸ் லேக் டெல்டா. 1940களின் தொடக்கத்தில் வெள்ளத்தை வடிக்க வெட்டிய கால்வாயின் வாய் அது. வண்டல் தடையில்லாமல் வந்ததால், 1973க்குப் பிறகு அங்கே நிலம் தண்ணீருக்கு மேலே எழுந்தது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.