கம்ப்யூட்டர் பிடித்திருக்கிறது, பங்கு வாங்கலாமா?

கேள்வி: சந்தூரில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். காய் விற்ற பணத்தில் 2 லட்சம் வங்கியில் சும்மா கிடக்கிறது. பையன் ஆப்பிளின் புது மேக் மினி வாங்கி வந்தான். ஒரு சாண் அகலம்கூட இல்லை, முழு கம்ப்யூட்டராம்! ஆப்பிள் பங்கு எகிறும் என்று யூடியூப்பில் பாதிப் பேர், தேறாது என்று பாதிப் பேர். போடலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அந்த யூடியூப்காரர்களில் பலர் பங்கைப் பற்றிப் பேசவே இல்லை. சத்தமில்லை, விலை மலிவு என்பதெல்லாம் கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்கான பேச்சு. பெங்களூரா மாங்காய் அமோகமாக விளைந்த வருடம்தானே மாங்கூழ் ஆலையில் விலை சரிகிறது? காய் நன்றாக இருப்பது வேறு, லோடு இறக்குகிற அன்றைய விலை வேறு.

2024 நிதியாண்டில் ஆப்பிளின் விற்பனை சுமார் 39,100 கோடி டாலர். ஐபோன் மட்டும் அதில் பாதிக்கு மேல். மேக் வகை எல்லாம், லேப்டாப் உட்பட, சுமார் 3,000 கோடிதான். இந்தக் குட்டிப் பெட்டி சக்கைப்போடு போட்டாலும் பங்கை எவ்வளவு தூக்கிவிடும்?

2000 ஜூலையில் இதே நிறுவனம் 'கியூப்' என்று ஒரு கம்ப்யூட்டரை இறக்கியது. அழகில் சொக்கிப்போனார்கள். விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை என்று செப்டம்பர் இறுதியில் நிறுவனமே சொன்னதும், பங்கு ஒரே நாளில் பாதிக்கும் கீழே போனது. அடுத்த ஜூலையில் கியூப் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

(ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸின் திம்ஜேப்பள்ளி ஆலையை வைத்து, "நம்ம ஊர் கம்பெனி பங்கு கிடைக்குமா?" என்றும் கேட்கிறார்கள். அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை, அதனால் வாங்க முடியாது.)

வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியாக வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையில் 25 சதவீதத்தை வரியாக அமெரிக்காவிலேயே பிடித்துவிடுவார்கள்.

அடுத்த பருவத்துக்கு மருந்து, உரம், கூலி என்று ஆகும் பணத்தை இந்த 2 லட்சத்திலிருந்து முதலில் ஒதுக்குங்கள். அதை டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். மிச்சத்தில் ஆசைக்கு 20,000 போடுவதானால், மூன்று வருடம் திரும்பிப் பார்க்காத பணமாக இருக்கட்டும். அதையும் மாதம் இரண்டாயிரமாக அனுப்பாதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு என்று கிளையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.