பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் என் தேனீக்கள் சாகின்றன. பெட்டியை மாற்றுவதா, சண்டை போடுவதா?

கேள்வியில் நீங்கள் சொன்னது: ஆறு பெட்டி வைத்திருக்கிறீர்கள், பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளெல்லாம் பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கின்றன. நான் சண்டையும் போட்டிருக்கிறேன், பெட்டியையும் மாற்றியிருக்கிறேன். இரண்டும் பலன் தரவில்லை. பலன் தந்ததைச் சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் நான்கு பெட்டி அடுக்குத் தேனீ வைத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தை மாதக் காலை. பக்கத்துப் பாகல் பந்தலில் எட்டு மணிக்கு மருந்து அடித்தார்கள். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் பெட்டி முன்னால் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி நடுங்கிக்கொண்டு தரையில் சுற்றுகின்றன. உள்ளே இருந்தவை செத்ததை இழுத்து வந்து வெளியே போட்டுக்கொண்டே இருந்தன. மாலைக்குள் ஒரு பெட்டி முழுதும் காலி. கோபத்தில் போய்க் கத்தினேன். "என் தோட்டத்துல நான் அடிக்கிறேன், உன் தேனீயை நீ கட்டி வைப்பா" என்றார் அந்தப் பந்தலின் சொந்தக்காரரான அண்ணன். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போய் மேயும் உயிரை எங்கே கட்டி வைப்பது?

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். பூ கொட்டிக் கிடக்கிறது, பிஞ்சு மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது, கடையில் கொடுத்த டானிக்கை இரண்டு முறை அடித்தும் மஞ்சளாகி உதிர்கிறது என்றார். காலை ஏழு மணிக்குப் பந்தலுக்குக் கீழே சும்மா வந்து நில்லுங்கள் அண்ணா என்றேன்.

பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்குக் கீழே பூக்கும் முன்பே குட்டிப் பாகற்காய் போல ஒன்று இருக்கும். அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். மகரந்தம் வந்து சேராவிட்டால் அது பழுத்து உதிரும். பூ விடியும்போது மலரும், அந்த ஒரு நாள்தான் அதற்கு. அரை மணி நேரம் நின்றோம், இரண்டே இரண்டு தேனீ வந்தது. அப்புறம் பத்துப் பெண் பூவில் நூல் கட்டி, ஆண் பூவைப் பறித்து ஒவ்வொன்றிலும் கையால் தொட்டு வைத்தோம். ஒரு வாரத்தில் எட்டு காயாகிவிட்டது. நூல் கட்டாத பூக்களில் பெரும்பாலானவை உதிர்ந்து போயின. அதற்குமேல் நான் அவரிடம் தேனீயைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டி வரவில்லை.

அதனால் நீங்களும் உங்கள் நஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அவர் பந்தலில் நூல் கட்டிக் காட்டுங்கள். அவர் கேட்கத் தயாரான பிறகு, இவற்றைச் சொல்லுங்கள்.

முதலில் நேரம். அடித்தே ஆக வேண்டும் என்றால் மாலை ஐந்தரைக்கு மேல், தேனீ கூடு திரும்பிய பிறகு. ராத்திரிக்குள் மருந்து காய்ந்துவிடும், மறுநாள் புதுப் பூ மலரும். பீர்க்குக்கு மட்டும் இது பொருந்தாது, அதன் பூ சாயங்காலம்தான் விரியும். பீர்க்கு பூக்கும் பருவத்தில் நான் பழ ஈயை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியோடும் மஞ்சள் ஒட்டுப்பொறியோடும் நிறுத்திக்கொள்கிறேன். பொதுவாகவே பொறியில் பூச்சி எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிட்டு அடிக்கலாமா என்று முடிவெடுத்தால், பழக்கத்துக்காக அடிக்கும் அடி பாதி குறைந்துவிடும்.

நேரம் மாறினால் எல்லா மருந்தும் சரியாகிவிடாது. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பாய்பவை. வேரில் ஊற்றினாலும் விதையில் கலந்தாலும் பிறகு தேனிலும் மகரந்தத்திலும் வரும். இமிடாகுளோபிரிட் ஒரு தேனீயின் வயிற்றுக்குள் ஏறத்தாழ 4 நானோகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இந்த இரண்டையும் இதே வகையான குளோதியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. நம் ஊர்க் கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது.

டப்பாவில் இருக்கும் முக்கோணத்தை நம்ப வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நிறங்கள் எலி போன்ற விலங்குகளில் பார்த்த நச்சளவை வைத்து, மனிதருக்கான எச்சரிக்கையாகப் போடுவது. தேனீக்கு எவ்வளவு கெடுதல் என்று அது சொல்லாது. தயாமீதாக்சம் டப்பாவில், சிவப்பு மஞ்சளைவிட ஆபத்து குறைவு என்று காட்டும் நீலம்தான் இருக்கும். கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பூச்சி மருந்தையும் பூஞ்சண மருந்தையும் ஒரே டேங்க்கில் கலப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். புரோபிகோனசோல் வகைப் பூஞ்சண மருந்துகள் சில பூச்சி மருந்துகளோடு சேரும்போது தேனீக்கு விஷம் பல மடங்கு ஏறும். தூள் மருந்து வேண்டவே வேண்டாம். மகரந்தத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டு அது கூட்டுக்குள்ளேயே போய்ச் சேரும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பெட்டித் தேனீ செத்தால் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ செத்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? எங்கள் பகுதியில் முருங்கை காய்ப்பதற்கு அதுதான் பெரிய துணை. பந்தல் மூங்கிலைத் துளைக்கிறது என்று அந்த ஓட்டையில் மருந்தை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனசு கேட்காது. பழைய பந்தல் மூங்கில் நாலைந்தை வேலி ஓரம் விட்டுவைத்தால் போதும், அது அங்கே குடிபோய்விடும். மண்ணில் வளை தோண்டி வாழும் சின்னத் தேனீக்களும் உண்டு, வேரில் ஊற்றும் மருந்து அவற்றுக்கும் எமன்.

மருந்து அடிக்கும் நாள் முன்கூட்டியே தெரிந்தால், இரவில் பெட்டி வாசலை வலையால் மூடி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். நம் வெயிலில் நாள் முழுக்க மூடி வைத்தால் உள்ளேயே வெந்துவிடும், முற்பகலுக்குள் திறந்துவிடுங்கள். ஏற்கெனவே அடிபட்ட பெட்டியாக இருந்தால், புதிதாக மகரந்தம் சேர்த்த அடையை வெட்டி எடுத்துப் புதைத்துவிடுங்கள், விஷம் அதில்தான் தங்கும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு வாரம் வையுங்கள். ராணி இருந்து முட்டையும் கண்ணில் பட்டால் பெட்டி தேறிவிடும். எங்கள் நான்கில் மூன்று அப்படித்தான் தேறின.