அரபி அகராதியில் சொல்லைத் தேட 'வேரெழுத்து' வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

கேட்டவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அகராதி வாங்கினேன். 'முஸ்தவ்தஃ' என்ற சொல்லை மீம் வரிசையில் தேடினேன், இல்லை. வேரெழுத்தைக் கண்டுபிடி என்கிறார்கள். தமிழ்வழியில் படித்தவனுக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்."

அந்தச் சொல்லைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். முஸ்தவ்தஃ என்றால் ஸ்டோர், கிடங்கு. தம்மாமில் எட்டு வருஷம் அப்படி எழுதிய போர்டுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். நீங்களும் இப்போதுதான் சவுதிக்குப் போய் ஏதோ ஒரு கிடங்கில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை, விஷயம் ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆலிம் இல்லை. மதரசாவில் ஏழு வருஷம் ஓதியவர்கள் இதை 'ஸர்ஃப்' என்ற தனிக் கலையாகவே படிக்கிறார்கள். அவர்கள் வந்து 'இது அரைகுறை' என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் ரோட்டோரப் போர்டுகளைப் படித்துப் படித்துக் கற்றவன் சொல்வதும் சிலருக்கு உதவும்.

எல்லோரும் எழுது, புத்தகம், அலுவலகம் என்று 'கிதாப்' சொல்லில் தொடங்குவார்கள். நான் குபூஸில், அதாவது ரொட்டியில், தொடங்குகிறேன், தினமும் கையில் இருப்பது அதுதானே. எழுத்தில் அது குப்ஸ். அதில் மூன்று மெய்யெழுத்துகள்: கா, பா, ஸாய். ரொட்டி சுடும் கடை மக்பஸ். சுடுகிறவர் கப்பாஸ். அதே மூன்று மெய்யும் அதே வரிசையில் நிற்கின்றன, சுற்றியுள்ள ஒலிகள் மட்டும் மாறுகின்றன. நிற்கிற மூன்றும்தான் வேரெழுத்து. மாறுகிற பகுதி ஓர் அச்சு மாதிரி. வேரைக் கொண்டுபோய் எந்த அச்சில் வார்க்கிறோமோ, அந்தப் பொருள் வந்துவிடும்.

முன்னால் 'ம' வந்து, உள்ளே அகர ஓசை வந்தால் பெரும்பாலும் இடம். சமையல் தப்க், சமையலறை மத்பக். எங்கள் கிடங்கின் ஒரு கதவில் மத்கல் என்று இருக்கும், உள்ளே வரும் வழி. இன்னொன்றில் மக்ரஜ், வெளியே போகும் வழி. லீவுக்கு ஊருக்குப் போக விசா அடிக்கும்போது எல்லோரும் 'குரூஜ், குரூஜ்' என்று அலைவோமே, அந்த குரூஜும் இந்த மக்ரஜும் ஒரே வேர். நடு எழுத்தை இரட்டித்து, அதற்குப் பின் ஆகாரம் போட்டால் தொழில் செய்பவர்: கப்பாஸ், சமையல்காரர் தப்பாக், தையல்காரர் கய்யாத், தச்சர் நஜ்ஜார். நம் ஊர்க் கசாப்புக் கடையும் இந்த அச்சில் வந்ததுதான். அரபியில் கஸ்ஸாப் என்றால் இறைச்சி வெட்டுபவர்.

தமிழில் நாம் வெளியே ஒட்டுகிறோம். நட, நடந்தான், நடப்பவன், நடத்தை: எல்லாம் பகுதிக்குப் பின்னால் சேர்வது. அரபியில் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே மாற்றம் நடக்கிறது. 'கெடு, கேடு, சுடு, சூடு என்று தமிழிலும் உள்ளே திரிகிறதே' என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், முதல்நிலை திரிந்த தொழிற்பெயர் அதற்குக் கொஞ்சம் கிட்ட வரும். ஆனால் நமக்கு அது ஒரு மூலை, அவர்களுக்கு அது முழு வீடு.

அச்சைச் சொல்லிக்காட்ட அரபி இலக்கணக்காரர்கள் ஃபா, ஐன், லாம் என்ற மூன்று எழுத்தை வைத்துக்கொண்டார்கள். ஃபஅல என்றால் 'செய்தான்'. இட அச்சுக்கு மஃப்அல், செய்பவருக்கு ஃபாஇல், செய்யப்பட்டதற்கு மஃப்ஊல் என்று பெயர். யாப்பு படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தேமா, புளிமா என்று நாம் மாமரத்தையா சொல்கிறோம்? நேர்நேர், நிரைநேர் என்ற அமைப்புக்கு அது வாய்பாடு. அதே வேலைதான் இங்கே ஃபஅல. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த கலீல் இப்னு அஹ்மத் அரபியின் யாப்பிலக்கணத்தை வகுத்தவர், அரபியின் முதல் அகராதியும் அவருடையது என்பார்கள். செய்யுள் சீர்களையும் அவர் ஃபஊலுன், மஃபாஈலுன் என்று இந்த எழுத்துகளை வைத்தே அளந்தார். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது உங்கள் சொல்லுக்கு வருகிறேன். முஸ்தவ்தஃ. முன்னால் உள்ள 'முஸ்த' அச்சைச் சேர்ந்தது. அதைக் கழற்றினால் வாவ், தால், ஐன். ஒப்படைத்து வைப்பது என்ற பொருளுள்ள வேர். அகராதியில் வாவ் வரிசைக்குப் போங்கள், கிடைக்கும். ஆஸ்பத்திரி போர்டில் உள்ள முஸ்தஷ்ஃபாவும் இதே அச்சு. அதன் வேரும் ஷிஃபா (குணம்) என்ற சொல்லின் வேரும் ஒன்றுதான். ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்ற ஜெர்மானிய அறிஞர் தொகுத்து 1952-இல் ஜெர்மனிலும் 1961-இல் ஆங்கிலத்திலும் வந்த அகராதியைத்தான் பலரும் வைத்திருப்பார்கள். அது முழுக்க வேர் வரிசை. வேர் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் பூட்டிய பீரோதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு சூடான்காரர். மதிய இடைவேளையில் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மூன்று எழுத்தை இடம் விட்டு எழுதுவார். 'இது எலும்பு' என்பார். பிறகு சிவப்புப் பேனாவால் இடையில் உயிரைப் போடுவார். போர்டிலும் செய்தித்தாளிலும் வரும் அரபியில் குறில் உயிர்களை வழக்கமாகப் போடுவதில்லை. வாசிப்பவர் அச்சை ஊகித்துத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். அவருடைய சிவப்பு மையில்தான் நான் அதைப் பார்க்கக் கற்றேன்.

பதினோரு மாதம் கழித்து ஒரு ராத்திரி ரூமில் என் இக்காமா (சவுதியில் தங்கும் அனுமதி) அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மிஹ்னா' என்று இருந்தது. தொழில். அதற்கு எதிரில் நான்கு எழுத்து: ஐன், அலிஃப், மீம், லாம். முதல் எழுத்துக்குப் பிறகு அலிஃப் வந்தால் செய்பவர். அலிஃபை எடுத்துவிட்டால் ஐன், மீம், லாம். வேலை. ஆமில். கூலித் தொழிலாளி.

ஏஜெண்ட் என்னிடம் ஸ்டோர்கீப்பர் விசா என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். அம்மாவின் வளையல் அதில் போனது. ஸ்டோர்கீப்பர் என்றால் 'அமீன் முஸ்தவ்தஃ' என்று இருந்திருக்க வேண்டும். வேலை என்னவோ ஸ்டோரில்தான், ஆனால் காகிதத்தில் நான் ஆமில். அதனால் என்ன என்று கேட்காதீர்கள். அப்போது கூலித் தொழில் என்று இருந்தால் மனைவியைக் கூட்டிவர விண்ணப்பமே போட முடியாமல் இருந்தது. கல்யாணமாகி நாலு மாதத்தில் விமானம் ஏறியவன் நான். ஊரில் அந்த ஏஜெண்ட் இன்னமும் ஆபீஸ் வைத்துக்கொண்டு ஆள் அனுப்புகிறார். ஒப்பந்தத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஏன் யாருமே கேட்பதில்லை? படிக்கத் தெரியாதவன் கையெழுத்தை வாங்குவது திருட்டு இல்லையா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியவில்லை.

மறுநாள் சூடான்காரரிடம் காட்டினேன். அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு முதீரிடம், அதாவது மேனேஜரிடம், போனார். கடைசியில் ஒரு படிவம் வந்தது. தலைப்பில் 'தக்யீர் அல்மிஹ்னா'. இரண்டாவது சொல் தெரியும். முதல் சொல்லை உற்றுப் பார்த்தேன். ஃகைன், யா, ரா. எங்கள் கிடங்கு வாசலில் 'கிதஃ கியார்' என்று பெரிதாக எழுதியிருக்கும், ஸ்பேர் பார்ட்ஸ், மாற்று உதிரிகள். அந்த கியாரில் உள்ள அதே மூன்று எழுத்து. மாற்றம். தொழில் மாற்றம். யாரும் சொல்லாமல் நானே படித்த முதல் அரசாங்கக் காகிதம் அதுதான். கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிய 14 மாதம் ஆனது.

சரி, கஷ்டமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வேரில் வாவோ யாவோ இருந்தால் பல இடங்களில் அது கரைந்துபோகும். இக்காமாவில் மூன்று மெய்யைத் தேடினால் கிடைக்காது. அதன் வேர் காஃப் (ق), வாவ், மீம். நடுவில் உள்ள வாவ் கரைந்துவிட்டது. இதற்கு நான் வைத்துக்கொண்ட வழி ஜோடி பார்ப்பது. இக்காமா, அதை உடையவர் முகீம். நிர்வாகம் இதாரா, அதை நடத்துபவர் முதீர். முதீர் என்ற சொல் உங்களுக்கு வந்த முதல் நாளே தெரிந்திருக்கும். அதை வைத்து மற்றதைப் பிடித்துவிடலாம். நாம் பேசும் 'முகாம்' கூட இக்காமாவின் வேர்தான்.

தமிழில் ஏற்கெனவே இருக்கிற சொற்களையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். வாரிசும் மிராசும் ஒரே வேர். ஆஜரும் மகஜரும் ஒரே வேர். அமலும் மாமூலும் ஒரே வேர், என் அட்டையில் இருந்த ஆமிலும் அதே வேர். தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறவருக்குப் பாதி அரபி முன்பே தெரியும் என்று தோன்றும்.

ஆனால் வேரே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்ப வேண்டாம். ஒட்டகம் ஜமல், அழகானது ஜமீல், எழுத்து ஒன்றுதான். அதற்காக ஒட்டகத்தையும் அழகையும் முடிச்சுப் போட்டுக் கதை கட்டக் கூடாது. வெளியிலிருந்து வந்த சொல்லையும் அரபி தன் அச்சில் போட்டுவிடும்: ஃபில்ம், பன்மையில் அஃப்லாம், பேங்க், பன்மையில் புனூக்.

இன்னொன்று. தமிழ் எழுத்தில் அரபி அச்சிட்ட 'முப்பது நாளில்' வகைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேர் தேடாதீர்கள். அதில் இதயமும் 'கல்ப்', நாயும் 'கல்ப்'. அரபியில் நாய்க்கு வருவது நம் ககரம் போன்றது (ك), இதயத்துக்கு வருவது தொண்டையை ஒட்டி வரும் வேறு ககரம் (ق), இரண்டும் வேறு வேர். இங்கே நான் தமிழில் எழுதியிருப்பதிலும் அதே குறை உண்டு. அதனால் அரபி எழுத்தை முதலில் படித்துவிடுங்கள், 28 எழுத்துதான். ஒரு மாதம் போர்டுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டினாலே கண் பழகிவிடும்.

அப்புறம், உங்கள் இக்காமாவை எடுத்து 'மிஹ்னா'வுக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். புரியாவிட்டால் அந்தச் சொல்லை மட்டும், எண்ணையும் படத்தையும் மறைத்து, இதன் கீழே எழுதுங்கள். பிரித்துச் சொல்கிறேன்.