விமானமும் போர்க்கப்பலும் இருக்கும்போது, தரை இலக்கைத் தாக்க நீர்மூழ்கிக் கப்பலில் குரூஸ் ஏவுகணை எதற்கு?

பாரிமுனையில் உயர்நீதிமன்றச் சுவரை ஒட்டி ஒரு சிறிய நினைவுக் கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டதற்கான நினைவு அது. ராயபுரத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயரை முதலில் சொன்னவர் பாட்டிதான். சேட்டை செய்தால் "சரியான எம்டன்டா நீ" என்பார். அந்த இரவு எம்டன் கரையில் இருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வரை நெருங்கி, தேடுவிளக்கைப் போட்டுத்தான் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. கரையில் இருந்த பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன. அதாவது, அடிக்க வருகிறவன் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

நீர்மூழ்கியும், விமானம் போலத் தாழப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணையும் சேர்ந்தபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். விமானத்துக்குத் தளம் வேண்டும், கப்பலைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும். நீர்மூழ்கியோ இருக்கும் இடம் தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருக்கும்.

ஏவும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். அமெரிக்காவின் டோமஹாக் என்ற குரூஸ் ஏவுகணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீருக்குள்ளேயே பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோ போகும் அதே 533 மில்லிமீட்டர் குழாயில் இருந்து அதை வெளியே தள்ளுகிறார்கள். தண்ணீருக்குள்ளேயே பூஸ்டர் என்ற திட எரிபொருள் ராக்கெட் பற்றிக்கொண்டு அதை மேலே கொண்டுவருகிறது. வெளியே வந்ததும் பூஸ்டர் கழன்று விழும், இறக்கை விரியும், சின்ன ஜெட் எஞ்சின் ஓடத் தொடங்கும். அப்புறம் அது விமானி இல்லாத விமானம்தான். வேகம் மணிக்கு சுமார் 880 கி.மீ., நாம் மும்பைக்குப் பறக்கும் வேகம். பாலிஸ்டிக் ஏவுகணை போல வானத்துக்கு ஏறி விழாமல், ரேடாருக்குச் சிக்காதபடி தாழப் பறக்கிறது.

வழி எப்படித் தெரியும்? ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு, கீழே இருக்கும் மேடுபள்ளத்தை உயரமானியால் அளந்து, நினைவில் ஏற்றியிருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போனது. இந்த முறைக்குத் தட்டையான நிலம் ஆகாது. மெரினாவில் இருந்து உள்ளே வந்தால் பரங்கிமலை வரை அதற்குப் பிடிமானமே கிடைக்காது. அதனால் வெடிமருந்தைவிட, யாரோ பல ஆண்டுகள் உட்கார்ந்து தயாரித்த வரைபடம்தான் இதன் உண்மையான பலம் என்று நினைக்கிறேன்.

1991 வளைகுடாப் போரில் லூயிவில் என்ற அமெரிக்க நீர்மூழ்கி செங்கடலில் இருந்து ஈராக் மீது டோமஹாக் ஏவியது. நீர்மூழ்கியில் இருந்து போரில் அது ஏவப்பட்டது அதுவே முதல் முறை. 2015 டிசம்பரில் ரஷ்யா ஒரு டீசல் நீர்மூழ்கியில் இருந்தே சிரியா மீது காலிபர் என்ற தன் குரூஸ் ஏவுகணையை ஏவியது. அணுசக்தி நீர்மூழ்கி இல்லாமலும் இது முடியும் என்று காட்டியதால், என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய செய்தி. நம் பக்கத்தில், 2013 மார்ச் 20 அன்று விசாகப்பட்டினம் அருகே நீருக்கடியில் நிறுத்திய மிதவை மேடையில் இருந்து பிரம்மோஸ் குரூஸ் ஏவுகணையை ஏவிப் பார்த்தார்கள், 290 கி.மீ. பறந்தது.

குறையும் உண்டு. ஏவிய நொடியில் நீர்மூழ்கியின் இடம் தெரிந்துவிடும், உடனே நகர்ந்தாக வேண்டும். இடமும் குறைவு. நம் கடற்படையிடம் உள்ள கிலோ வகை நீர்மூழ்கியில் 6 குழாய்கள், மொத்தம் 18 டார்பிடோக்களுக்கு இடம். ஏற்றும் ஒவ்வொரு ஏவுகணைக்கும் ஒரு டார்பிடோவைக் கரையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதற்காகவே அமெரிக்கா தன் நான்கு ஓஹையோ வகை நீர்மூழ்கிகளை மாற்றிக் கட்டியது. ஒவ்வொன்றிலும் 154 டோமஹாக் வரை ஏற்றலாம்.