எக்ஸ்சேஞ்சிலிருந்து 300 பிட்காயின் வெளியேறியதாக அலர்ட் வந்தால் வாங்கலாமா?

வெளியே போனால் விற்பனைக்கு இருப்பது குறையும், விலை ஏறும் என்பது பலரின் கணக்கு. அந்த அலர்ட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 300-இல் 298 எக்ஸ்சேஞ்சை விட்டே போகாமல் இருக்கலாம்.

எப்படி என்றால், ஒரு வாடிக்கையாளர் 2 பிட்காயின் எடுக்கிறார். எக்ஸ்சேஞ்சின் ஹாட் வாலட்டில் (அன்றாடப் பட்டுவாடாவுக்கு இணையத்தோடு இணைத்து வைத்திருக்கும் வாலட்) 300 பிட்காயின் ஒரே துண்டாகக் கிடக்கிறது. பிட்காயினில் ஒரு துண்டை முழுசாகத்தான் செலவழிக்க முடியும். 2 அவருக்குப் போக, மீதிச் சில்லறை 298 எக்ஸ்சேஞ்சின் புது முகவரிக்குத் திரும்பும். அந்த முகவரி யாருடையது என்று இன்னும் குறிக்கப்படாததால், அலர்ட் மொத்தத்தையும் வெளியேற்றமாக எழுதிவிடும். 298-ஐத் தனியே பின்தொடருங்கள். பிறகு அது எக்ஸ்சேஞ்சின் வேறு துண்டுகளோடு சேர்ந்து ஒரே பரிவர்த்தனையில் செலவானால், பெரும்பாலும் சொந்தக்காரர் ஒருவரே. காயின்ஜாயினாக, அதாவது பலர் தங்கள் பிட்காயினை ஒரே பரிவர்த்தனையில் கலப்பதாக இருந்தால் இந்த விதி பொய்க்கும். அதுவரை ‘தெரியாதது’ என்றே வைத்திருங்கள்.

எத்தீரியத்தில் வேறு வம்பு. வாடிக்கையாளருக்கு எக்ஸ்சேஞ்ச் கொடுத்த டெபாசிட் முகவரிக்கு யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கன்) வரும். அதை வழித்தெடுக்க கேஸ், அதாவது ஈதரில் கட்டும் பரிவர்த்தனைக் கட்டணம் வேண்டுமே, எக்ஸ்சேஞ்ச் முதலில் கொஞ்சம் ஈதர் அனுப்பும். பிறகு மொத்த யுஎஸ்டிடியும் ஹாட் வாலட்டுக்குப் போகும். ஒரே இடத்தில் கேஸ் வாங்கி ஒரே இடத்தில் கொட்டும் முகவரிகள் இருந்தால், அவை பெரும்பாலும் டெபாசிட் முகவரிகள்தான். (காண்ட்ராக்ட் முகவரி, அதாவது செயினில் தானாக ஓடும் நிரலின் முகவரி, தரும் எக்ஸ்சேஞ்சுகளில் இந்த கேஸ் தடயம் கிடைக்காது.) வரவை ஒரு கட்டத்தில் மட்டும் எண்ணுங்கள், இரண்டையும் எண்ணினால் தொகை இரட்டிப்பாகும். மூல எண்ணைப் படிக்கும்போது தசமப் புள்ளியைச் சரியாக வையுங்கள்: எத்தீரியத்தில் யுஎஸ்டிடிக்கு 6 தசம இடம், ஈதருக்கு 18. காண்ட்ராக்ட் அனுப்பும் ஈதர், ஈதர்ஸ்கேன் என்ற எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளத்தில் இன்டர்னல் பரிவர்த்தனைப் பக்கத்தில்தான் தெரியும்.

கிளாஸ்நோட், கிரிப்டோகுவான்ட் போன்ற தரவுத் தளங்கள் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவையும் முகவரி அடையாளத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. புது முகவரிகள் சேர்ந்தால் பழைய தேதியின் எண்ணும் மாறும். நேற்றைய எண்ணை இன்று மறுபடி எடுத்துப் பாருங்கள்.

2022 நவம்பர் 28 அன்று பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 1,27,351 பிட்காயினை நகர்த்தியபோது பீதி கிளம்பியது. கையிருப்புச் சான்றுத் தணிக்கைக்காகத் தங்களுக்கே அனுப்பியது என்று விளக்கம் வந்தது. 2024 மே 28 அன்று திவாலான பழைய எக்ஸ்சேஞ்ச் மவுன்ட் காக்ஸின் வாலட்டிலிருந்து சுமார் 1.4 லட்சம் பிட்காயின் நகர்ந்தபோதும் இதே கூச்சல். பணம் வரவேண்டியவர்களுக்கு பிட்காயினாகக் கொடுக்கத் தொடங்கியதோ ஜூலையில்.

யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பரிவர்த்தனைப் பதிவேடான இந்த லெட்ஜரைத்தான் ‘திமிங்கிலம் அலர்ட்’ என்று டெலிகிராமில் மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள். சில்லறை முகவரியைக்கூடக் கழிக்காத எண்ணுக்குச் சம்பளக்காரர்கள் காசு கட்டுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.