ஒரே பிலிம், பல டெவலப்பர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை பிலிம் ரோல் ஒன்றை டி-76 என்ற டெவலப்பரிலும் (பிலிமில் பதிந்த படத்தைத் தெரியவைக்கும் ரசாயனக் கரைசல்) மற்றொன்றை ரோடினால் என்ற டெவலப்பரிலும் கழுவினேன். ரோடினால் நெகட்டிவில் கான்ட்ராஸ்ட் தூக்கலாக இருந்தது. அதுவே சிறந்த டெவலப்பர் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. கான்ட்ராஸ்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை கழுவும் நேரமும், வெப்பநிலையும், டேங்கைப் புரட்டும் விதமும்தான். ஆகவே இரண்டு நெகட்டிவ்களையும் ஒரே கான்ட்ராஸ்டுக்குக் கொண்டுவந்த பிறகே டெவலப்பரின் குணத்தைப் பற்றிப் பேச முடியும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மாறாத வெளிச்சத்தில் ஒரு கறுப்புத் துணி, ஒரு வெள்ளைத் துணி, ஒரு சாம்பல் அட்டை மூன்றையும் வைத்து, 100, 200, 400, 800 என்ற நான்கு ஐ.எஸ்.ஓ. (பிலிமின் ஒளியுணர்திறன், அதாவது வேகம்) அளவுகளில் வரிசையாக எடுத்து, அதே வரிசையை ரோல் முடியும்வரை திரும்பத் திரும்ப எடுங்கள். 36 படங்கள் கொண்ட ரோலை மூன்றாக வெட்டினால், கத்தரி எங்கே விழுந்தாலும், ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு முழு வரிசையாவது மிஞ்சும். 50 சென்டிமீட்டர் நூல் ஒன்றை முன்கூட்டியே, வெளிச்சம் புகாமல் பிலிமைக் கையாள உதவும் கறுப்புப் பைக்குள் போட்டுவைத்தால் இருட்டில் அளந்து வெட்டுவது எளிது.

எச்பி5 பிளஸுக்கு, 20 டிகிரி செல்சியஸில், 1+1 ஆகக் (ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர்) கரைத்த டி-76க்கும் 1+50 ஆகக் கரைத்த ரோடினாலுக்கும் இல்ஃபோர்டு அட்டவணை தருவது 11 நிமிடமே என்பதால், இந்தச் சோதனையைத் தொடங்குவது சுலபம். வெள்ளைத் துணியின் அடர்த்தி ஒரு துண்டில் கூடுதலாக வந்தால், அந்த டெவலப்பரின் நேரத்தை 10 முதல் 15 சதவீதம் குறைத்து மீண்டும் கழுவுங்கள். மூன்றாவது துண்டு இதற்குத்தான். அடர்த்தி ஒத்துவந்தபின், லூப்பை (சிறு உருப்பெருக்கி) வைத்து, கறுப்புத் துணியின் மடிப்புக்குள் இழை தெரிகிறதா என்றும், சாம்பல் அட்டையின் வெற்றுப் பரப்பில் கிரெய்ன் (வெள்ளித் துகள்களால் வரும் சொரசொரப்பு) எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். மேற்கொண்டு தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யாத டி-76இல் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் உண்டு; அது வெள்ளித் துகளின் விளிம்பை லேசாகக் கரைத்து மழுக்கிவிடும். 1+50 ரோடினாலில் சல்பைட் மிகக் குறைவு என்பதால் துகள் அப்படியே நிற்கிறது; படம் கூர்மையாகத் தெரிவதும் கிரெய்ன் துருத்திக்கொண்டு வருவதும் அதனால்தான். நிழற்பகுதி விவரம், மென்மையான கிரெய்ன், விளிம்புக் கூர்மை ஆகிய மூன்றையும் ஒருசேர அள்ளித் தரும் டெவலப்பர் எதையும் நான் கண்டதில்லை.

கேள்வி: இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பர், டி-76 இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

பதில்: பிலிம் வீண். நடைமுறையில் இரண்டும் ஒரே சூத்திரம்தான். அப்படியிருந்தும் 1+1 கரைசலில் ஐடி-11க்கு 13 நிமிடமும் டி-76க்கு 11 நிமிடமும் அட்டவணையில் இருப்பதைப் பார்க்கும்போது, அட்டவணை நேரத்தை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது என்பது விளங்கும்.

கேள்வி: சென்னையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி. இதில் சோதனை செய்வது எப்படி?

பதில்: 30 டிகிரியில் அப்படியே கழுவ வேண்டாம். 20 டிகிரியில் 4 நிமிடம் தேவைப்படுவது 23 டிகிரியிலேயே 3 நிமிடமாகக் குறைந்துவிடும்; 30 டிகிரியில் நேரம் இன்னும் சுருங்கும். கழுவும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிம் திட்டுத்திட்டாகக் கழுவப்படும் ஆபத்து உண்டு. மேலும், டி-76இல் உள்ள இரு ரசாயனங்களில், வெப்பநிலை மாறும்போது ஹைட்ரோகுவினோனின் வேகம் மாறும் அளவுக்கு மெட்டாலின் வேகம் மாறுவதில்லை என்பதால், 20 டிகிரியில் கிடைத்த முடிவு 30 டிகிரியில் பொருந்தாமல் போகலாம். பாட்டில்களையும் டேங்கையும் வாளித் தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீரில் ஐஸ் போட்டு, எல்லாவற்றையும் 24 டிகிரிக்காவது இறக்குங்கள். டெவலப்பருக்குள் நேரடியாக ஐஸ் போட்டால் கரைசல் நீர்த்துப்போய், நீங்கள் சோதிப்பது வேறொரு டெவலப்பராகிவிடும்.

கேள்வி: மைக்ரோஃபென் டெவலப்பர் பயன்படுத்தினால் 400 ஐ.எஸ்.ஓ. பிலிம் உண்மையிலேயே 1600 ஆகுமா?

பதில்: ஆகாது. ஃபெனிடோன் என்ற ரசாயனம் கலந்த அந்த டெவலப்பரால் கிடைக்கும் உண்மையான வேக ஆதாயம் ஏறக்குறைய அரை ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப்); மிச்சமெல்லாம் நேரத்தை நீட்டி இடைநிறங்களை ஏற்றுவதுதான். வெளிச்சமே படாத நிழலை எந்த ரசாயனமும் மீட்டுத் தராது. பெர்செப்டால் என்ற டெவலப்பர் இதற்கு நேர்மாறு: கிரெய்ன் மெலியும், வேகம் குறையும், எச்பி5 பிளஸை 250 என்று வைத்து எடுத்தால் சரியாக வரும்.

கேள்வி: ஸ்கேனரில் பார்த்து ஒப்பிடலாமா?

பதில்: ஆட்டோ லெவல், ஷார்ப்பனிங், கிரெய்ன் குறைப்பு மூன்றையும் அணைத்துவிட்டு, துண்டுகளை அருகருகே வைத்து ஒரே ஸ்கேனாக எடுத்தால் ஒப்பிடலாம். தனித்தனியாக எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது ஸ்கேனரின் மென்பொருளைத்தான்.

கேள்வி: அப்பாவின் பெட்டியில் இந்து பிலிம் ரோல்கள் சில கிடைத்தன. டெவலப்பர் சோதனைக்கு ஆகுமா?

பதில்: 1960-ல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் தயாரித்த பிலிம் அது. இத்தனை ஆண்டுகளில் ஏறியிருக்கும் மூட்டம் (வெளிச்சம் படாமலே பிலிமில் படியும் கருமை) ரோலுக்கு ரோல் வேறுபடும் என்பதால் ஒப்பீட்டுக்கு உதவாது. படம் எடுக்க ஆசையிருந்தால், ஒரு ரோலின் முனையைச் சிறிது வெட்டி, எச்.சி.-110 போன்ற மூட்டம் குறைவாக எழுப்பும் டெவலப்பரில் கழுவிப் பாருங்கள். வெளிச்சம் படாத பகுதியின் ஊடாக அச்சிட்ட எழுத்தைப் படிக்க முடிந்தால், மற்ற ரோல்களை இரண்டு ஸ்டாப் கூட்டி எடுக்கலாம்.